‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’: குட்டி விமானம் ஓட்டும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலோ ஆல்ட்டோவிலும் டென்வரிலும் ஆஸ்டினிலும் சியாட்டிலிலும், வாரம் ஐந்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் வாடகை செஸ்னாவின் சாவியை வாங்கப் போகும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். ஒற்றை என்ஜின் விமானம் ஓட்ட உரிமம் இருக்கிறது. சொந்த விமானம் கிடையாது. பயிற்றுநரும் இல்லை. அதனால் இதை உபதேசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தப்பைச் செய்து, தப்பித்தும் வந்த ஒருவனின் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு நண்பர் வீட்டு விருந்து. பாயசம் வரைக்கும் வந்தாயிற்று. யாரோ ஒருவர் டிவியில் அந்த ஐடஹோ வீடியோவைப் போட்டார். உங்களில் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். 2012 ஜூன் 30 அன்று, ஸ்டான்லி ஊருக்குப் பக்கத்தில் புரூஸ் மெடோஸ் என்ற மலைவெளி ரன்வே. பழைய ஸ்டின்சன் 108 விமானம், உள்ளே நான்கு ஆண்கள். விமானத்துக்குள்ளிருந்தே எடுத்த காட்சி. ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக எழும்புகிறது. ஆனால் ஏறவில்லை. மரங்களின் உச்சியைத் தொடுகிற மாதிரி கொஞ்ச தூரம் தவழ்கிறது. அப்புறம் காட்டுக்குள் இறங்கிவிடுகிறது. நான்கு பேரும் பிழைத்தார்கள். விமானிக்கு மட்டும் பலத்த காயம்.

வீடியோ முடிந்ததும் அறை முழுக்க ஒரே தீர்ப்பு: “என்ஜின் போயிருக்கும்.”

என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. தன்னால் முடிந்ததை அது கடைசி வரை செய்துகொண்டுதான் இருந்தது. விருந்தில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் சொல்லியிருந்தால் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் விமானம் ஓட்டுகிறவர்கள். அவர்களும் “என்ஜின்தான்” என்று தலையாட்டியது எனக்கு உறுத்தியது. அதனால்தான் இந்த மடல்.

அந்த ரன்வே எவ்வளவு நீளம் தெரியுமா? 5,000 அடி. பாலோ ஆல்ட்டோவில் நாம் தினமும் ஏறி இறங்கும் ரன்வே 2,443 அடிதான். அதாவது நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. அதை யாரும் குட்டை ரன்வே என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் புரூஸ் மெடோஸ் கடல்மட்டத்திலிருந்து 6,370 அடி உயரத்தில் இருக்கிறது. அன்று வெயில் வேறு. விசாரணையில் கணக்கிட்ட டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் விமானம் எந்த உயரத்தில் இருப்பதாக உணருமோ அந்த உயரம், 9,000 அடியைத் தாண்டியது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதிய காரணத்தில் என்ஜின் என்ற சொல்லே இல்லை. போதிய முன்கணக்கு இல்லாதது, அந்த விமானத்தின் டேக் ஆஃப் திறனுக்கு அப்பாற்பட்ட டென்சிட்டி ஆல்டிட்யூடில் கிளம்பியது, பின்னாலிருந்து அடித்த காற்று, ஏறக்குறைய முழு எடை. இவ்வளவுதான்.

இதில் எதுவும் வானத்தில் நடந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கும் சக்கரம் உருளுவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை.

டென்சிட்டி ஆல்டிட்யூட் பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் பரீட்சையில் அது ஒரு வரைபடம், ஒரு பென்சில், நான்கு விடைகளில் ஒன்று. நிஜத்தில் அது மூன்று பக்கமும் வெட்டும் கத்தி. காற்று மெலிந்தால் இறக்கைக்குத் தாங்கிப் பிடிக்க ஆள் குறைவு; ப்ரொப்பெல்லருக்குக் கடைந்து தள்ளக் காற்று குறைவு; என்ஜினுக்கு மூச்சு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தியை இழக்கும் என்பது பழைய கைக்கணக்கு. 9,000 அடியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலே காணாமல் போய்விடுகிறது. 180 குதிரை என்று நம்பி ஏறினால் 130 குதிரைதான் வண்டியில் பூட்டியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எழும்பும் வேகமான 51 நாட்டை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வேகமானி காட்டும்போது நாம் தரையில் உண்மையில் 58, 59 நாட்டில் ஓடிக்கொண்டிருப்போம். எழும்பத் தேவையான வேகம் கூடுகிறது, அதை எட்டுவதற்கான சக்தியோ குறைகிறது. ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளருவதால் ரன்வே இரண்டு முனையிலும் எரியும் மெழுகுவத்தி மாதிரி கரைகிறது. கூடவே கண்ணும் ஏமாற்றும். பக்கத்து மரங்கள் சர்ரென்று பின்னால் ஓடுவதைப் பார்த்து, “வேகம் வந்துவிட்டது” என்று கை தானாக யோக்கை, அதாவது மூக்கைத் தூக்கும் கைப்பிடியை, பின்னால் இழுக்கும்.

என் கையும் இழுத்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் மலைப்பாதையில் பல வருடம் ஓட்டியவர். மகன் விமானம் ஓட்டுகிறான் என்பதில் அவருக்கு இருந்த பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அவரையும் அலுவலக நண்பர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு டாஹோ ஏரிக்கு வடக்கே இருக்கும் ட்ரக்கிக்குப் போனேன். அங்கே என் மச்சான், நண்பர்களோடு காரில் வந்து தங்கியிருந்தான். திரும்பும்போது அவனும் நம்மோடு பறந்து வருவதாகப் பேச்சு. நான்கு சீட், நான்கு பேர். வேறென்ன வேண்டும்?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். வெப்பம் 31 டிகிரி. ட்ரக்கியின் உயரம் சுமார் 5,900 அடி. அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் மூன்று டிகிரிதான். கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 9,200 அடி. பின்னாளில்.

எடைக் கணக்கை மட்டும் அன்றைக்கே போட்டிருந்தேன். அந்த செஸ்னா 172 எஸ் விமானத்தில் ஆளும் எரிபொருளுமாக 870 பவுண்டு ஏற்றலாம். டேங்க்கில் 35 காலன், காலனுக்கு 6 பவுண்டு என்றால் 210. நான்கு பேர் சொன்ன எடை மொத்தம் 655. கூட்டினால் 865. ஐந்து பவுண்டு மிச்சம்! சட்டப்படி சுத்தம். மச்சான் சொன்னது கல்யாணத்துக்கு முந்தைய எடை என்பதும், அப்பாவின் கைப்பையில் இரண்டு கிலோ அரிசி முறுக்கு இருந்தது என்பதும் அப்போது என் கணக்கில் இல்லை.

காற்றின் திசை காட்டும் கூம்பு சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. பின்காற்று நான்கு நாட் இருக்கும். மறுமுனைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டாமே என்று பக்கத்து முனையிலேயே வரிசை பிடித்தேன். செஸ்னா கையேட்டில் டேக் ஆஃப் தூர அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். தயவு செய்து இன்று இரவு எடுத்துப் படியுங்கள். எதிர்காற்று ஒன்பது நாட் அடித்தால் தூரம் பத்து சதவீதம் குறையும். பின்காற்று இரண்டு நாட் அடித்தாலே பத்து சதவீதம் கூடும். ஒன்பது கொடுத்தால் பத்து, இரண்டு எடுத்தால் பத்து! கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு மோசமாக வசூலிக்க மாட்டான். நான்கு நாட்டுக்கு நான் இருபது சதவீதம் கட்டினேன்.

அப்புறம், காற்றோடு எரிபொருள் கலக்கும் அளவை மாற்றும் அந்தச் சிவப்பு மிக்ஸ்சர் குமிழ். பாலோ ஆல்ட்டோவில் நூறு முறை செய்த மாதிரி அதை முழுக்க உள்ளே தள்ளினேன். மெலிந்த காற்றில் முழு ரிச் (எரிபொருள் மிகுந்த கலவை) என்றால், மூச்சு முட்டுகிறவன் வாயில் சோற்றை அடைப்பது மாதிரி. மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நிலையங்களில் பிரேக்கைப் பிடித்து, முழு த்ராட்டில் (என்ஜினின் சக்தியைக் கூட்டும் பிடி) கொடுத்து, ஆர்.பி.எம். உச்சத்துக்கு வரும்வரை மிக்ஸ்சரை இழுக்கச் சொல்லி அதே கையேடு சொல்கிறது. கடல்மட்டத்தில் கற்றுக்கொண்ட கைக்கு அந்த வேலை ஞாபகம் வரவில்லை. ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த என்ஜினிடமிருந்து இன்னும் கொஞ்சத்தை நானே பிடுங்கிவைத்தேன்.

த்ராட்டில் தள்ளினேன். ஓடியது. வேகமானி முள் மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. மூன்றாயிரம் அடி தாண்டியிருக்கும், மரங்கள் வேகமாக ஓடின, இழுத்தேன். எழும்பியது. அப்பா பின்சீட்டிலிருந்து, “ஆங், ஏறிருச்சு” என்றார். ஏறவில்லை. இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது (ஸ்டால்) என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் கீச்சென்று முனகியது. நான்கைந்து அடி உயரத்தில் மிதந்துகொண்டே, மேலேயும் போகாமல் வேகமும் எடுக்காமல் அப்படியே போனது. அப்புறம் சக்கரம் பொத்தென்று தரையைத் தொட்டது.

அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது புத்தி இல்லை, பயம். த்ராட்டிலை மூடிவிட்டேன். ரன்வே 7,000 அடி நீளம் என்பதால் நிற்க இடம் இருந்தது. அதே நிலைமையில் ரன்வே 4,000 அடியாக இருந்திருந்தால், இல்லை நான் இன்னும் மூன்று விநாடி பிடிவாதமாக இழுத்திருந்தால், நீங்கள் விருந்துகளில் பார்க்கும் வீடியோ என்னுடையதாக இருந்திருக்கும்.

அந்த நான்கைந்து அடி மிதப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த வகை டேக் ஆஃப் விபத்துகளின் இருதயம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி. தரையிலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்துக்குள் பறக்கும்போது, இறக்கை நுனியில் சுழலும் காற்றைத் தரை தடுத்துவிடுகிறது, இழுவை குறைகிறது. தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதிகமாகக் குறையும். அதாவது, பறக்கத் தகுதியில்லாத வேகத்தில்கூடத் தரை நம்மைக் கொஞ்ச நேரம் தூக்கிவைத்துக்கொள்ளும். கடன் கொடுக்கிறது. இருபது முப்பது அடி ஏறியதும் கடனைத் திருப்பிக் கேட்கும். அப்போது கையில் இருப்பு இல்லையென்றால் விமானம் ஏறுவதை நிறுத்துகிறது, இறங்குகிறது. விமானி இன்னும் இழுக்கிறார். மூக்கு தூக்க தூக்க இழுவை கூடும், வேகம் குறையும், இன்னும் இறங்கும். வெளியே வர ஒரே வழி மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுப்பது. எதிரே மரம் நிற்கும்போது மரத்தை நோக்கி மூக்கைத் தாழ்த்த யாருக்கு மனம் வரும்? மரத்தைத் தவிர்க்கத் திரும்பினால் அதைவிட மோசம்: 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு இறக்கை முதலில் விழும். அந்த உயரத்தில் அதைத் திருத்த நேரம் கிடையாது.

சரி, எல்லா விபத்துக்கும் காற்றும் எடையும்தான் காரணமா என்றால், இல்லை. ஃபிளாப்பை (இறக்கையின் பின்பக்க மடல்) பத்து டிகிரி வைக்க வேண்டிய இடத்தில் முப்பதை மறந்து விட்டிருப்பது, பழைய என்ஜின்களில் கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தபடியே விட்டுக் கிளம்புவது, டேங்க்கின் அடியில் தங்கிய தண்ணீர், காற்றுக் குறைந்த டயர், உயரமான ஈரப் புல், ட்ரிம் தப்பான இடத்தில், கண்ட்ரோல் லாக்கை (நிற்கும்போது விமானத்தின் கட்டுப்பாடுகளை ஆடாமல் பூட்டிவைப்பது) எடுக்காமல் உருட்டுவது என்று பட்டியல் நீளும். கடைசியில் சொன்னது நம்மைப் போன்ற கத்துக்குட்டிகள் மட்டும் செய்வதென்று நினைத்தால், 2014 மே 31-இல் மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதே தப்பில் ரன்வேயைத் தாண்டி ஓடி எரிந்து ஏழு பேர் இறந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர்கள் அனுபவசாலிகள்.

செஸ்னா சீட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சீட்டைப் பிடித்துவைக்கும் ஊசி தண்டவாளத் துளையில் சரியாக உட்காராமலோ தேய்ந்தோ இருந்தால், மூக்கைத் தூக்கும் நேரத்தில் சீட் சர்ரென்று பின்னால் போகும். யோக்கைப் பிடித்திருக்கும் கையும் கூடவே போகும். மூக்கு வானத்தைப் பார்க்கும். 1987-இலேயே அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இந்தத் தண்டவாளங்களைச் சோதிக்கக் கட்டாய உத்தரவு போட்டது. 2011-இல் அதைப் புதுப்பித்தது. நாம் ஓட்டுவது வாடகை விமானம். முந்தைய ஆள் எவ்வளவு உயரமோ! த்ராட்டில் தள்ளுவதற்கு முன் சீட்டை ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்ப எடைக்கே வருகிறேன். ஏனென்றால் மற்றவை மறதி. எடை மட்டும் மரியாதை சம்பந்தப்பட்டது.

2001 ஆகஸ்ட் 25, பஹாமாஸில் மார்ஷ் ஹார்பர். அமெரிக்கப் பாடகி ஆலியாவும் அவருடைய குழுவினரும் படப்பிடிப்பு முடிந்து திரும்பினார்கள். வந்து நின்றது ஒரு செஸ்னா 402. எட்டுப் பயணிகள், அவர்களுடைய பெட்டிகள், படப்பிடிப்புச் சாமான்கள். விமானம் எழும்பியதுமே விழுந்து எரிந்தது. விமானியோடு சேர்த்து ஒன்பது பேரும் போனார்கள். ஆலியாவுக்கு வயது 22. விசாரணையில் எடை அனுமதித்ததைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் என்று தெரிந்தது. அது மட்டுமில்லை; பாரம் பின்பக்கம் குவிந்து, எடைமையம் எல்லையைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. அப்படி இருந்தால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும், தாழ்த்தத் தாழ்த்தத் தாழாது. விமானிக்கு அந்த விமானத்தை அந்தப் பயணத்தில் ஓட்ட அனுமதியே இல்லை. உடலில் போதைப்பொருளும் மதுவும் இருந்தன. இவ்வளவையும் படித்துவிட்டு, “நாம் அப்படியெல்லாம் இல்லை” என்று மூடிவைப்பது சுலபம். ஆனால் அந்த விமானப் படிக்கட்டில் “இரண்டு பேர் இறங்கி அடுத்த விமானத்தில் வாருங்கள்” என்று உறுதியாகச் சொல்லி நிறுத்தும் ஒரு ஆள் இல்லை என்பதுதான் எனக்கு மிஞ்சியது. அந்த ஆள் நம் வீட்டு விமானங்களிலும் இருப்பதில்லை.

பே ஏரியாக்காரர்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு கதை இருக்கிறது. 1996 ஏப்ரலில் நம்முடைய ஹாஃப் மூன் பேயிலிருந்து ஏழு வயது ஜெசிகா டுப்ராஃப், தந்தையோடும் பயிற்றுநரோடும் நாட்டைக் குறுக்கே கடக்கக் கிளம்பினாள். மறுநாள் காலை, ஏப்ரல் 11, வயோமிங்கின் ஷையெனில் இடியும் மழையும் நெருங்கி வரும்போது அவர்களுடைய செஸ்னா 177 எழும்பியது. சற்று நேரத்தில் ஸ்டால் ஆகி விழுந்து மூவரும் இறந்தார்கள். ஷையென் 6,100 அடிக்கு மேல். எடை அனுமதித்ததைவிட 96 பவுண்டு கூடுதல். விமானி பழகியதைவிட டென்சிட்டி ஆல்டிட்யூட் அதிகம் என்று அறிக்கை குறிப்பாகச் சொல்கிறது. பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தையும் சொல்கிறது. கடல்மட்டத்து விமானி, மலை உயரம், கொஞ்சம் கூடுதல் எடை, போயே ஆக வேண்டிய ஒரு காரணம். என் ஜூலை மாதத்து மத்தியானத்தில் இடி மழையைத் தவிர மற்றது எல்லாம் இருந்தது.

நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறது: அட்ஜஸ்ட். மூன்று பேர் சீட்டில் நான்கு பேர், மாருதியில் ஏழு பேர், கல்யாண வேனில் இடுக்கிலே பாத்திரம். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், ஒண்ணும் ஆகாது” என்பதைக் கேட்டே வளர்ந்தோம். அது மோசமான குணம் என்று நான் சொல்ல மாட்டேன். யாரையும் விட்டுவிட்டுப் போக மனம் வராததுதான் அதன் வேர். கார் அதைப் பொறுத்துக்கொள்ளும், சஸ்பென்ஷன் மட்டும் முனகும். இறக்கை பொறுக்காது. 2,550 பவுண்டு என்று 172 எஸ்-இன் பலகையில் எழுதியிருப்பது கட்டமைப்புக்கும் சான்றிதழுக்கும் உள்ள எல்லை. இன்றைய வெயிலில், இந்த ரன்வேயில் ஏறிவிடும் என்ற வாக்குறுதி இல்லை. இந்த இரண்டையும் நான் ஒன்று என்று நினைத்ததுதான் என் அடிப்படைத் தப்பு.

சித்தியிடம் “உங்க வெயிட் என்ன?” என்று கேட்பது சங்கடம்தான். கேட்டாலும் உண்மை வராது. அதனால் நான் இப்போது குளியலறைத் தராசு ஒன்றைக் காரிலேயே வைத்திருக்கிறேன். பையோடும் செருப்போடும் எல்லோரும் ஏற வேண்டும். முதலில் நான் ஏறிக் காட்டுவேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள்.

நம்மவர்களில் பயிற்றுநர்களாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஷார்ட் ஃபீல்டு டேக் ஆஃபை (குட்டை ரன்வேயிலிருந்து கிளம்பும் முறை) நீங்கள் எங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐயாயிரம் அடி ரன்வே. “கடைசியில் 50 அடி மரம் இருப்பதாக நினைத்துக்கொள்.” பிரேக், முழு த்ராட்டில், 51 நாட்டில் எழும்பு, 56-ஐப் பிடி. விமானத்தில் இரண்டே பேர், காலை பத்து மணி, கடல்மட்டம். தேர்வாளருக்கு வேகம் கூடுதலாகப் பத்து, குறைவாக ஐந்து நாட்டுக்குள் இருந்தால் போதும். நாங்கள் தேறிவிட்டோம். ஆனால் கற்றது ஒரு அபிநயம். விமானம் ஏற மறுப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் முதுகுக்குத் தெரியவில்லை. ஒரு கோடை மத்தியானம் மாணவனை ஒரு மலை நிலையத்துக்குக் கூட்டிப் போய், கிளம்பும் முன் அட்டவணையைப் போட வைத்து, கூடவே ஓட்டிக் காட்டுங்கள். த்ராட்டிலை மூடி நிறுத்தும் டேக் ஆஃபையும் பழக்குங்கள். நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் செய்தது அப்பா பின்சீட்டில் இருந்தபோதுதான்.

அட்டவணையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 172 எஸ் கடல்மட்டத்தில், இயல்பான வெப்பத்தில் 960 அடி ஓடி எழும்பும், 50 அடி உயரத்தைத் தாண்ட 1,630 அடி ஆகும் என்று இருக்கிறது. புது விமானம், புது என்ஜின், கம்பெனியின் தேர்ந்த விமானி ஓட்டிய கணக்கு அது. நாம் ஓட்டுவது ஆயிரம் மாணவர்கள் குதிக்கவைத்த வாடகை விமானம். விமானிகள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.வின் பாதுகாப்புப் பிரிவு கையேட்டு எண்ணோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நான் இப்போது சேர்த்துக்கொள்கிறேன். சேர்த்தபின் ரன்வே போதவில்லையென்றால் யாரோ இறங்குகிறார்கள், அல்லது எரிபொருள் குறைகிறது, அல்லது சாயங்காலம் வரை எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம்.

ரன்வேயில் பாதி தூரத்துக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. எழும்பும் வேகத்தில் எழுபது சதவீதம் அந்த இடத்துக்குள் வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். 51 நாட்டுக்கு அது 36. 0.7-இன் வர்க்கம் 0.49, ஏறக்குறைய பாதி, அதனால்தான் அந்தக் கணக்கு. மாயம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ட்ரக்கியில் தூரத்தை முன்பே கணக்கிட்டு, அதன் பாதியில் வேகமானியைப் பார்த்திருந்தால், ஸ்டால் ஹார்னைக் கேட்டிருக்க மாட்டேன். அந்த எண்ணை வாய்விட்டுப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவைக்கிறேன். சொல்லிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

விமானத்தை நிறுத்தி, ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து என்ஜினை அணைத்ததும், என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மச்சானையும் அப்பாவையும் இறங்கச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் “என் பையன் பிளேன்ல கூட்டிட்டுப் போறான்” என்று சொல்லிவிட்டு வந்த மனிதரை, நான்கு மணி நேரம் காரில் போகச் சொல்ல வேண்டும். ஏதேதோ சுற்றி வளைத்தேன். வெயில், காற்று, அடர்த்தி.

அப்பா நடுவிலேயே நிறுத்திவிட்டார். “காரையாறு ரோட்ல மேட்டுல வண்டி ஏறலைன்னா சனங்களை இறக்கிவிட்ருவோம். மேல வந்து ஏறிக்கிடுவாவ. ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்ல. இறங்கணும்னா சொல்லுடே, இதுக்குப் போயி ஏன் முழிக்க?”

மச்சானின் நண்பர்கள் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை. இரண்டு பேரும் அவர்கள் காரில் போனார்கள், முறுக்கையும் எடுத்துக்கொண்டு. நானும் நண்பரும் ஆறரை மணி வரை காத்திருந்தோம். வெயில் தணிந்தது. இந்த முறை காற்றை எதிர்த்து, மிக்ஸ்சரை ஒழுங்காக மெலித்து, இரண்டே பேராகக் கிளம்பினோம். விமானம் ஒழுங்காக ஏறியது. அதே என்ஜின்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தக் கோடையில் டாஹோவுக்கோ பிக் பேருக்கோ லெட்வில்லுக்கோ நான்கைந்து விமானமாகச் சேர்ந்து போகத் திட்டமிடும்போது, தரைவழியாக ஒரு காரும் வரட்டும். பெட்டிகளுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது இறங்க வேண்டியவர்களுக்கு. திரும்பும்போது கார் இல்லையென்றால், “மாமா, நீங்க இறங்கணும்” என்று யாராலும் சொல்ல முடியாது. கார் நின்றால் சொல்லிவிடலாம். யார் இறங்குவது என்று விமானம் ஓட்டுகிறவர் சொன்னால், ஏன் என்று வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாதாட வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டென்வரில் இருக்கும் நண்பர்களே, உங்களுக்கு வீட்டு வாசலே 5,000 அடிக்கு மேல். எங்களைவிட இது உங்களுக்குத்தான் அவசரம்.

முதல் பயணத்துக்குக் காரை நானே ஓட்டி வருகிறேன். தராசும் காரிலேயே இருக்கும். அப்பா அடுத்த ஜூனில் வருகிறார், முன்சீட்டு அவருக்கு.

அன்புடன்,
பாலோ ஆல்ட்டோவிலிருந்து ஒரு வாடகை விமானி